மண்ணுக்குள் போகும் புட்டியும் பத்து ரூபாயும்

2025 மார்ச் மாதம் லண்டனில் நடந்த பன்னாட்டு உணவு, பானக் கண்காட்சியில் நம் ஊர்க் கோலி சோடா காட்சிக்கு வைக்கப்பட்டது. அமெரிக்கா, பிரிட்டன், ஐரோப்பா, வளைகுடா நாடுகளுக்கு அது ஏற்றுமதியாகத் தொடங்கியிருப்பதாக மத்திய வர்த்தக அமைச்சகம் அறிவித்தது. மகிழ்ச்சிக்குரிய செய்திதான். ஆனால், அதற்குள் ஒரு முரண் ஒளிந்திருக்கிறது. கோலி சோடாப் புட்டி பிறந்ததே இங்கிலாந்தில். ஹைரம் கோட் என்னும் ஆங்கிலேயர் 1872-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். இன்று அதே புட்டியை அந்நாட்டினர் மண்வெட்டியும் கையுமாகப் பழைய குப்பைமேடுகளைத் தோண்டித்தான் எடுக்கிறார்கள். எடுத்துக் கழுவி, வயது கணித்து, அலமாரியில் அடுக்குகிறார்கள். சந்தைகளிலும் ஏலங்களிலும் விற்கிறார்கள்.

அங்கே அரும்பொருளாகிவிட்ட ஒன்று இங்கே அண்மைக்காலம் வரை பெட்டிக்கடையில் புழங்கும் பொருளாக இருந்தது. அங்கே அது மண்ணுக்குள் போனதற்கும், இங்கே அது கடைக்காரரிடமே திரும்பி வந்துகொண்டிருந்ததற்கும் காரணம் பண்பாடா, பழக்கமா? இரண்டும் ஓரளவு உண்டு. ஆனால், பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் நான் முதலில் தேடுவது விலையைத்தான். காலிப் புட்டிக்கு ஒரு விலை இருந்தவரை அது திரும்பி வந்தது. அந்த விலை தேய்ந்தபோது அது மண்ணுக்குப் போனது. தமிழகத்தில் காலி மதுப்புட்டிக்குப் பத்து ரூபாய் கொடுத்துத் திரும்பப் பெறும் திட்டம் விவாதிக்கப்படும் இந்நாளில், மண்ணுக்குள்ளிருந்து வரும் அந்தப் பழைய புட்டிகளின் சாட்சியத்தைக் கேட்பது பயனுள்ளது.

பிரிட்டனின் குப்பைமேடுகள் எப்படி உருவாயின என்பதிலிருந்து தொடங்கலாம். 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் நூறாண்டுக் காலம் அந்நாட்டில் கண்ணாடிக்குக் கலால் வரி இருந்தது. புட்டி விலையுயர்ந்த பொருள். அதை எறிபவர் குறைவு. 1845-இல் அந்த வரி நீக்கப்பட்டது. கண்ணாடி மலிந்தது. மருந்து, மை, ஊறுகாய், பீர், சோடா என எல்லாமே புட்டிக்குள் வந்தன. 1875-இல் இயற்றப்பட்ட பொதுச் சுகாதாரச் சட்டம் வீட்டுக் குப்பையை அகற்றும் பொறுப்பை உள்ளாட்சிகளின் கையில் கொடுத்தது. ஊருக்கு வெளியே பள்ளங்களும் கைவிடப்பட்ட செங்கல் சூளைக் குழிகளும் குப்பையால் நிரம்பின. அந்தக் குப்பையில் பெரும்பங்கு அடுப்புக்கரியின் சாம்பல். சாம்பல் மெத்தையில் விழுந்த புட்டி உடையாமல் நூறாண்டு உறங்கியது. 1960-களிலிருந்து அதைத் தட்டி எழுப்பியவர்கள்தான் புட்டி தோண்டும் ஆர்வலர்கள்.

இவர்கள் வெறும் பொழுதுபோக்கினர் அல்லர். புட்டியின் வயதைக் கணிப்பதில் இவர்கள் சேர்த்து வைத்திருக்கும் அறிவு, தொல்லியலாளர்களும் கையாளும் அறிவு. ஊதுகுழாயில் ஊதிச் செய்த பழைய புட்டியின் அடியில், அதைத் தாங்கிப் பிடித்த இரும்புக் கோலை முறித்தெடுத்த வடு இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் இந்த வடு பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. அச்சில் வார்த்த புட்டியில் பக்கவாட்டில் மெல்லிய தையல் கோடு தெரியும். அந்தக் கோடு கழுத்தோடு நின்றுவிட்டால், வாய்ப்பகுதியைத் தொழிலாளி கையால் செய்து முடித்தார் என்று பொருள். கோடு வாயின் விளிம்பு வரை ஏறினால் அது இயந்திரத்தில் செய்த புட்டி. அமெரிக்காவில் மைக்கேல் ஓவன்ஸ் முழுத் தானியங்கிப் புட்டி இயந்திரத்தை உருவாக்கியது 1903 வாக்கில். ஆகவே விளிம்பு தொடும் தையல் பொதுவாக 20ஆம் நூற்றாண்டின் அடையாளம்.

நிறமும் பேசும். கண்ணாடியின் இயல்பான பச்சைச் சாயலைப் போக்க மாங்கனீசு சேர்ப்பது 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் முதல் உலகப்போர்க் காலம் வரையிலும் பரவலாக இருந்தது. அத்தகைய கண்ணாடி நீண்ட காலம் வெயில் பட்டால் ஊதா நிறம் கொள்ளும். மூடியும் பேசும். இன்று நாம் திறப்பானால் நெம்பும் தகர மூடிக்கு வில்லியம் பெயின்டர் காப்புரிமை பெற்றது 1892-இல். அந்த மூடிக்குரிய விளிம்பு கொண்ட புட்டி அதற்கு முந்தியதாக இருக்க முடியாது.

ஆனால், எந்தத் தேர்ந்த சேகரிப்பாளரும் ஓர் எச்சரிக்கையைச் சேர்த்தே சொல்வார். புட்டி செய்யப்பட்ட காலம் வேறு. அது புதைக்கப்பட்ட காலம் வேறு. ஒரு குழியின் காலத்தை அதிலுள்ள மிகப் பழைய பொருளைக் கொண்டு முடிவு செய்யக் கூடாது; மிகப் புதிய பொருளைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும். 1910-இல் மூடப்பட்ட குழியில் 1880-இல் செய்த புட்டி கிடக்கலாம். இடைப்பட்ட 30 ஆண்டுகள் அந்தப் புட்டி என்ன செய்துகொண்டிருந்தது? உழைத்துக்கொண்டிருந்தது. நிரம்பியது, காலியானது, திரும்பியது, கழுவப்பட்டது, மீண்டும் நிரம்பியது.

இந்த இடைவெளிதான் என்னைப் பெரிதும் ஈர்த்தது. தொல்லியலாளருக்கு இது காலக்கணிப்பைக் குழப்பும் இடையூறு. பொருளியலாளருக்கோ இதுவே அளவுகோல். பிறப்புக்கும் புதைப்புக்கும் இடையே எத்தனை ஆண்டு என்று கேட்டால், அந்தச் சமூகம் தன் பொருள்களை எப்படி நடத்தியது என்பது தெரிந்துவிடும். திரும்பப் பெறும் ஏற்பாடு வலுவாக இருந்த காலத்தில் இடைவெளி நீளும். ஒருமுறை குடித்து எறியும் காலத்தில் அது சில வாரங்களாகச் சுருங்கும். நம் தலைமுறையின் குப்பைமேட்டை நாளை யாரேனும் தோண்டினால் காலக்கணிப்பு மிக எளிதாக இருக்கும். அது நமக்குப் பெருமை அன்று.

பழைய சோடாப் புட்டிகளில் நிறுவனத்தின் பெயரும் ஊரும் புடைப்பெழுத்தில் இருப்பதைக் காணலாம். சேகரிப்பாளர்களுக்கு அது அழகு; ஊரை அறிய உதவும் முகவரி. அன்றைய முதலாளிக்கு அது சொத்துரிமைப் பத்திரம். அவர் விற்றது சோடாவை மட்டுமே, புட்டி அவருடையது. இந்தப் புட்டி விற்பனைக்கு அன்று என்ற வாசகத்தையே சிலர் கண்ணாடியில் பொறித்தார்கள். வழிதவறி வேறு நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்த புட்டிகளை உரியவரிடம் சேர்க்க, உற்பத்தியாளர்கள் சேர்ந்து பரிமாற்ற அமைப்புகளை நடத்தினார்கள். புட்டி திரும்புவது நல்லெண்ணத்தால் நடந்ததன்று; கணக்கால் நடந்தது.

கோட் புட்டி அந்தக் கணக்குக்கு நல்ல பாடம். சூடாக இருக்கும்போதே கழுத்துக்குள் கோலிக்குண்டை இட்டு வாயைச் சுருக்கிவிடுவார்கள். புட்டியைக் கவிழ்த்து நிரப்பும்போது வாயுவின் அழுத்தம் குண்டை ரப்பர் வளையத்தில் இறுக்கி அடைத்துவிடும். தக்கை வேண்டாம், மூடி வேண்டாம். ஊற்றும்போது குண்டு வழியை அடைக்காதிருக்கக் கழுத்தில் இரு குழிவுகள். இத்தனை நுட்பமான புட்டிக்கு ஒரே எதிரி சிறுவர்கள். குண்டுக்காக அதை உடைத்தார்கள். உடையாத கோட் புட்டிகள் எதிர்பார்ப்பதைவிடக் குறைவாகக் கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். வகுப்பில் நான் இதைச் சொல்லும்போது மாணவர்கள் சிரிப்பார்கள். பிறகு கேட்பேன்: சிறுவன் குறும்பு செய்தானா, கணக்குப் போட்டானா? காலிப் புட்டியைத் திருப்பிக் கொடுத்தால் கிடைக்கும் காசு அவன் கைக்கு வராது, கோலிக்குண்டு வரும். யார் கைக்கு எது வருகிறது என்பதே பொருளின் விதியைத் தீர்மானிக்கிறது. முன்வைப்புத் தொகையின் முழுக் கோட்பாடும் இதற்குள் அடங்கும். ஸ்வீடன் நாட்டுப் பொருளியலாளர் பீட்டர் போம் 1981-இல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். முன்வைப்புத் தொகை என்பது எறிவோர்மீது விதிக்கும் வரி. திருப்பித் தருவோருக்குக் கொடுக்கும் பரிசு. இரண்டும் ஒரே நாணயத்தில்.

பரிசு தேய்ந்தால் என்ன ஆகும்? ஸ்காட்லாந்தின் ஏ.ஜி. பார் நிறுவனம், தன் புகழ்பெற்ற அயர்ன் புரூ உள்ளிட்ட பானங்களின் கண்ணாடிப் புட்டிகளை 1905 முதல் தொகை கொடுத்துத் திரும்பப் பெற்று வந்தது. இரு உலகப்போர்களைத் தாண்டிய ஏற்பாடு அது. ஒரு காலத்தில் பத்துக்கு ஒன்பது புட்டிகள் திரும்பின. கடைசியில் ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்றே திரும்பியதாக நிறுவனம் கூறியது. திருப்பித் தந்த தொகை அப்போது 30 பென்ஸ். 2015 இறுதியோடு திட்டம் முடிந்தது. வீட்டு வாசலிலேயே மறுசுழற்சிப் பெட்டி இருக்கும்போது, 30 பென்ஸுக்காகப் புட்டியைச் சுமந்து கடைக்குப் போக வசதியானவர்களுக்கு மனம் வரவில்லை.

மறுபுறம் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தைப் பாருங்கள். 1971-இல் அந்நாட்டிலேயே முதன்முதலாகப் புட்டிச் சட்டம் இயற்றிய மாநிலம் அது. தொகை ஐந்து சென்ட். நாற்பத்தைந்து ஆண்டுகள் அது ஐந்து சென்ட்டாகவே இருந்தது. அதற்குள் அந்நாட்டின் விலைவாசி ஏறத்தாழ ஆறு மடங்காகிவிட்டது. திரும்பும் விகிதம் சரிந்தது. ஆனால், சட்டத்தில் முன்யோசனையுடன் ஒரு விதி சேர்க்கப்பட்டிருந்தது: விகிதம் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் 80 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் தொகை தானாக இரட்டிப்பாக வேண்டும். அவ்வாறே 2017 ஏப்ரலில் அது பத்து சென்ட் ஆனது. அடுத்த ஓரிரு ஆண்டுகளிலேயே விகிதம் 80 விழுக்காட்டைக் கடந்தது. மக்களின் மனசாட்சி ஒரே ஆண்டில் மாறிவிடவில்லை, தொகைதான் மாறியது.

அரசே புட்டியைக் குப்பைக்கு அனுப்பிய வரலாறும் உண்டு. அமெரிக்காவில் மதுவிலக்கு நீங்கிய பிறகு, இந்தப் புட்டியை விற்பதையும் மீண்டும் பயன்படுத்துவதையும் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது என்ற வாசகம் மதுப்புட்டிகளில் கட்டாயமாகப் பொறிக்கப்பட்டது. 1935 முதல் 1964 வரை நீடித்த அந்த வாசகம் இன்று சேகரிப்பாளர்களுக்குக் காலம் காட்டும் எளிய அடையாளம். கள்ளச்சாராயம் பழைய புட்டியில் நுழைவதைத் தடுப்பது அதன் நோக்கம். நோக்கம் நியாயமானது. ஆனால், ஒவ்வொரு புட்டியும் ஒரே முறையோடு ஓய்வு பெற வேண்டும் என்பதே அதன் விளைவு.

அரசுகளின் தடுமாற்றத்துக்குப் புதிய சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஸ்காட்லாந்து அரசு கண்ணாடியையும் சேர்த்து ஒரு முன்வைப்புத் திட்டத்தைத் தொடங்க முனைந்தது. கண்ணாடி கூடாது என்று 2023-இல் பிரிட்டன் அரசு நிபந்தனை விதித்தது. திட்டம் கிடப்பில் போடப்பட்டது. இப்போது 2027 அக்டோபரில் தொடங்கத் திட்டமிடப்பட்டுள்ள ஏற்பாட்டில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து மூன்றிலும் ஞெகிழிப் புட்டிகளும் உலோகக் குவளைகளும் உண்டு, கண்ணாடி இல்லை. கோட் புட்டி பிறந்த மண்ணில், கண்ணாடியைத் திரும்பப் பெறுவது பெருஞ்சிக்கல் என்ற வாதம் வென்றிருக்கிறது. நூறாண்டுக்கு முன் சோடா வண்டிக்காரர் அன்றாடம் செய்துவந்த வேலை அது.

எறிந்தது பிற்காலத்தில் மதிப்புப் பெறும் அல்லவா, சேகரிப்புச் சந்தையே அதைக் காட்டவில்லையா என்று கேட்கலாம். மைக்கேல் தாம்ப்சன் 1979-இல் எழுதிய நூலில் இதற்கொரு விளக்கம் தந்தார். பொருள்கள் முதலில் மதிப்பிழந்துகொண்டே வரும். பிறகு குப்பையாகி எவர் கண்ணிலும் படாமல் கிடக்கும். அவற்றுள் மிகச் சிலவே பின்னர் அரும்பொருளாக உயிர்த்தெழும். இதில் அடிக்கோடிட வேண்டியது 'மிகச் சில' என்பதை. சாதாரண நீர்ப்பச்சைக் கோட் புட்டி இன்றும் சில பவுண்டுகளுக்குக் கிடைத்துவிடும். அரிதான அடர்நீலக் கோட் புட்டிக்கே பெருவிலை. ஒரே அச்சில் கோடிக்கணக்கில் வார்க்கப்பட்டு, காகித ஒட்டு கரைந்ததும் பெயரற்றுப் போகும் இன்றைய புட்டிக்கு அந்த வாய்ப்பு இல்லை.

தோண்டலிலும் பொதுச் செலவு உண்டு. உரிமையாளரின் இசைவின்றித் தோண்டுவது குற்றம். அமெரிக்கக் கூட்டாட்சி நிலங்களில் நூறாண்டு கடந்த தொல்பொருள்களை அனுமதியின்றி எடுப்பதை 1979-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. எந்த அடுக்கில், எதனோடு கிடந்தது என்ற குறிப்பின்றி எடுக்கப்பட்ட புட்டி அழகுப் பொருள் மட்டுமே. வரலாற்றுச் சான்றாக அது பாதி ஊமை. குடைந்த குழி சரிந்து உயிர் போகும் அபாயமும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, குப்பைமேடு வெறும் கண்ணாடிச் சுரங்கம் அன்று. இங்கிலாந்தின் கடலோரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழைய குப்பை நிலங்கள் இருக்கின்றன. தேம்ஸ் கழிமுகத்தில் கிழக்கு டில்பரி போன்ற இடங்களில் கரை அரித்துப் பழைய புட்டிகளும் பீங்கான்களும் தாமாகவே வெளியே வருகின்றன. ஆர்வலர்கள் பொறுக்கிச் செல்கிறார்கள். அவற்றோடு சேர்ந்து ஈயம் உள்ளிட்ட நச்சு உலோகங்களும் ஆற்றுக்குள் போகின்றன. அவற்றைப் பொறுக்க எவரும் வருவதில்லை. எறிந்தவர் தம் கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டார். பாக்கியைப் பேரப்பிள்ளைகள் கட்டுகிறார்கள்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். மலைப்பகுதிகளில் எறியப்படும் மதுப்புட்டிகள் உடைந்து காட்டு விலங்குகளின் கால்களைக் கிழிப்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் கவனத்தில் கொண்டது. அதன் வழிகாட்டுதலால் 2022 மே மாதம் நீலகிரியில் டாஸ்மாக் கடைகளில் புட்டிக்குப் பத்து ரூபாய் கூடுதலாகப் பெற்று, காலிப் புட்டி திரும்பியதும் அதைத் திருப்பித் தரும் திட்டம் தொடங்கியது. படிப்படியாகப் பிற மாவட்டங்களுக்கும் விரிந்தது. இதை விலையேற்றம் என்று சிலர் கண்டிக்கிறார்கள். தங்கள் வேலைப்பளு கூடியதாகக் கடை ஊழியர்கள் போராடியிருக்கிறார்கள். முதல் குற்றச்சாட்டு சரியன்று. திருப்பித் தந்தால் திரும்பக் கிடைக்கும் தொகை விலை ஆகாது. இரண்டாவது குறையில் நியாயம் உண்டு. அதைப் புறந்தள்ளினால் திட்டம் உள்ளிருந்தே உளுத்துப்போகும்.

மது விற்பனை குறித்த அறக்கேள்வி தனியே விவாதிக்க வேண்டியது. அதன் பெயரால் இந்தத் திட்டத்தை ஒதுக்கிவிட முடியாது. குடித்தவர் எறிந்தாலும் அந்தப் பத்து ரூபாய் புட்டியோடு ஒட்டியே கிடக்கிறது. காலையில் சாக்குப்பையுடன் வருபவருக்கு அது கூலி. காயலாங்கடையில் எடைக்குப் போட்டால் கிடைப்பதைவிட அதிகம். வயல் வரப்பில் வெறுங்காலுடன் நடக்கும் உழவுத் தொழிலாளிக்கு அது காப்பு.

மண்ணுக்குள்ளிருந்து வந்த பாடங்களைக் கொண்டு நான்கு செய்திகளை முன்வைக்கலாம்.

முதலாவது, தொகை உறையக் கூடாது. ஆண்டுக்கு 5 விழுக்காடு விலைவாசி உயர்ந்தால் இன்றைய பத்து ரூபாயின் வாங்கும் ஆற்றல் சுமார் 14 ஆண்டுகளில் பாதியாகிவிடும். ஆரிகன் போல, திரும்பும் விகிதம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே சரிந்தால் தொகை தானாக உயரும் விதியை இப்போதே வகுத்துவிட வேண்டும்.

இரண்டாவது, கையாள்பவருக்குக் கூலி வேண்டும். புட்டியை வாங்கி, எண்ணி, அடுக்கி வைப்பதும் உழைப்பு. அதற்கெனத் தனி ஆள், தனி இடம், தனித் தொகை ஒதுக்கப்படாவிட்டால், காலிப் புட்டியுடன் வருபவரை நாளை வா என்று திருப்பி அனுப்பும் பழக்கம் வேரூன்றிவிடும்.

மூன்றாவது, திரும்பாத புட்டிகளின் பத்து ரூபாய்கள் எங்கே போகின்றன என்ற கணக்கு மாவட்டவாரியாக வெளியிடப்பட வேண்டும். மக்கள் திருப்பித் தராததால் வருவாய் பெறும் அமைப்பு, மக்கள் திருப்பித் தர வேண்டும் என்று முழுமனத்துடன் விரும்பாது. இது எவரையும் குறை கூறுவதன்று. ஊக்கக் கோட்பாட்டின் அடிப்படை. அந்தத் தொகை தூய்மைப் பணிக்கும் சேகரிப்போரின் நலனுக்குமே போக வேண்டும்.

நான்காவது, திரும்பிய புட்டி என்ன ஆகிறது என்பதும் வெளிப்படையாக வேண்டும். கழுவி மீண்டும் நிரப்புவது ஒன்று. உடைத்து உருக்குவது மற்றொன்று. உருக்க உலையும் எரிபொருளும் வேண்டும். ஜெர்மனியில் பல பீர் ஆலைகள் பொது வடிவப் புட்டிகளையே பயன்படுத்துவதால் எவருடைய புட்டியையும் எவரும் நிரப்ப முடிகிறது. அத்தகைய பொது வடிவம் குறித்து இங்கும் யோசிக்கலாம். மதுவோடு நிறுத்தாமல் பிற பானங்களுக்கும் இதை விரிப்பது அடுத்த படி.

என் மேசைமேல் ஒரு கோலி சோடாப் புட்டி இருக்கிறது. பழம்பொருள் அன்று, எங்கள் தெருக்கடை மூடப்பட்டபோது கடைக்காரர் கொடுத்தது. வாயருகே தேய்ந்து, வெளிப்புறம் முழுக்க வெண்கீறல்கள். பெட்டியில் பக்கத்துப் புட்டியோடு உரசி உரசி ஏற்பட்டவை. ஒரு சேகரிப்பாளர் இதைக் குறையுள்ள பொருள் என்று ஒதுக்கிவிடுவார். நான் அந்தக் கீறல்களை வேறுவிதமாகப் படிக்கிறேன். ஒவ்வொன்றும் இந்தப் புட்டி ஒருமுறை போய்த் திரும்பி வந்ததன் வரவுக்குறிப்பு.

லண்டன் கடையில் நம் கோலி சோடாவை வாங்கிக் குடிக்கும் ஒருவர் காலிப் புட்டியை எங்கே போடுவார்? அதைத் திருப்பி வாங்க அங்கே யாரும் காத்திருக்கவில்லை. ஏற்றுமதியில் பானம் போகிறது, புட்டியும் போகிறது. புட்டியைத் திரும்பி வரச் செய்த ஏற்பாடு மட்டும் போகவில்லை. அந்த ஏற்பாட்டை நாமாவது இழக்காமல் இருக்க வேண்டும். பத்து ரூபாயை நடைமுறைச் சிக்கல் என்று கைவிட்டுவிட்டால், நாளை நம் ஏரிக்கரைகளையும் மண்வெட்டியுடன் யாராவது தோண்ட நேரும். அவர்களுக்குக் கிடைக்கப்போவது அரும்பொருளாக இராது.